உபசமம் போதுமா?

அறநேயமிக்க வாசகர்களின் சிந்தனைக்கு ஒரு வினாவை முன்வைக்கிறேன். ஒரு தீமையை வேரோடு களையாமல், அது மேலும் வளராதபடி தடுத்து நிறுத்தினால் போதுமா? இவ்வினா நூலிலிருந்து எழுந்ததன்று. என் தலைக்குள்ளிருந்தே எழுந்தது.

குறண்டித் திருக்காட்டாம்பள்ளியால் நம்மவர் நன்கறிந்த அருப்புக்கோட்டைச் சீமையில், பாளையம்பட்டியில் வாழ்பவள் நான். எழுபத்திரண்டாம் வயதில் இடச்செவி மந்தமாயிற்று, நடை தள்ளாடியது. மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், செவியையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் உறையில் ஒரு கட்டி தெரிந்தது. அது புற்றுநோய் அன்று; வேறிடத்துக்குப் பரவாது. ஆயினும் மண்டையோடு விரிந்து கொடுப்பதில்லை. அதனுள் எது வளர்ந்தாலும் நாளடைவில் மூளைத்தண்டை நெருக்கும்.

எனக்குக் கதிர் அறுவை செய்தனர். சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் வகுத்த முறை இது. புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1997இலேயே இதற்கான காமா கத்தி நிறுவப்பட்டது. பெயர்தான் கத்தி, தோலைக்கூடக் கீறுவதில்லை. தலை அசையாதிருக்க, மரத்துப்போகும் ஊசியிட்டு, நான்கு திருகாணிகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துகின்றனர். ஏறத்தாழ இருநூறு கோபால்ட் கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து ஒரே புள்ளியில் கூடுகின்றன. தனித்தனியே அவை மெலிந்தவை. வழியிலுள்ள மூளைக்குப் பெருந்தீங்கு செய்யா. கூடுமிடத்தில் மட்டும் வலிமை பெற்று, கட்டியின் வளர்ச்சியை நிறுத்துகின்றன.

“கட்டியை எடுத்துவிட மாட்டோம், வளராமல் செய்வோம். பத்தில் ஒன்பது பேருக்கேனும் இது பலன் தரும். போன செவித்திறன் திரும்பாது. முதலில் சற்று வீங்கவும் கூடும், அஞ்ச வேண்டாம்” என்றார் மருத்துவர்.

துணைக்கு வந்தவள் என் தங்கை. தாய்வீட்டுப் பங்கு குறித்துப் பதினாறு ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்தவள். அல்ல, நான் அவளோடு பேசாதிருந்தேன் என்பதே உண்மை. மருத்துவமனையில் அவள் என் வலப்பக்கமே அமர்ந்தாள். “அக்கா, கேட்கிற காதுப் பக்கமே நான் இருந்துகொள்கிறேன்” என்றாள். என் சினம் அன்றோடு ஒழிந்தது என்று எண்ணினேன்.

ஆறு திங்கள் கழித்து எடுத்த படத்தில் கட்டி சற்றே பருத்திருந்தது. அதே நாட்களில் அவ்வீட்டைப் பற்றிப் பேச்செழ, என் சினமும் முன்னிலும் கடுமையாய்ச் சீறியது. எழுபது வயது கடந்தும், பிறருக்குக் கற்பித்தும், நான் கண்டது இவ்வளவுதானா என நாணினேன்.

எங்கள் ஊர்ப்புறத்தில் ஊருணிக் கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைப்பர். சேறு அடியில் தங்கும்; குடத்தை அசைத்தால் மீண்டும் கலங்கும். நம் ஆகமம் கூறும் உபசமம் இதுவே. தெளிந்த நீரை வேறு கலத்தில் இறுத்துக்கொள்வது போன்றது க்ஷயம். உபசாந்த கஷாயமாகிய பதினோராம் குணஸ்தானம் வரை ஏறியவரும் கீழிறங்குவர் எனில், இல்லறத்தாராகிய நம் நிலை என்ன?

ஆகவே, அடக்கியதை அழித்ததாக எண்ணி ஏமாறலாகாது. அடங்கியது ஒருமுறை கிளர்ந்ததால் முயற்சியே வீண் என்று சோரவும் கூடாது. இரண்டும் பிழை. அன்றைய வீக்கம் தோல்வி அன்று எனப் பின்வந்த படங்கள் காட்டின. தங்கைக்கு நானே கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த மாதமே வந்து சேர்ந்தாள்.

இப்போது மூன்றாண்டுகள் ஆகின்றன. கட்டி இருக்கிறது, வளரவில்லை. ஆண்டுக்கொருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. ஆண்டுதோறும் வரும் தசலட்சணப் பருவத்தின் முதல் அறம் உத்தம பொறுமை. அதுவும் உள்ளத்தைப் படமெடுத்துப் பார்க்கும் நாளன்றோ?

உபசமம் போதுமா? முடிவாகப் போதாது, தொடக்கமாகப் போதும். விழிப்பு மட்டும் நம்மை விட்டு நீங்காதிருக்க வேண்டும்.