இறந்தோரின் துயரும் இருப்போரின் கேளிக்கையும்

இறந்தவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்று ஒன்று உண்டா? நல்லடக்கம் செய்தோம், திருப்பலி ஒப்புக்கொடுத்தோம், கல்லறையில் பெயர் பொறித்தோம். அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்றே நம்மில் பலரும் கருதுகிறோம். உற்றார் உறவினர் உள்ளோர்க்கு இவையெல்லாம் கிடைத்துவிடும். கேட்பாரற்று மடிந்தவர் நிலை என்ன? அவர்களுடைய சாவு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், முன்பின் அறியாத மனிதர்க்கு மாலைநேரப் பொழுதுபோக்காக மாறுமெனில், அதில் குற்றம் ஏதும் உண்டா? இவ்வினாவை நம்முன் வைப்பது ஒரு தத்துவ நூலன்று, ஒரு சுற்றுலா.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், பேய் உலவுவதாகப் பெயர்பெற்ற மதுக்கூடங்களை வழிகாட்டி ஒருவருடன் நடந்தே சென்று காணும் வழக்கம் உள்ளது. பொழுது சாய்ந்தபின் கூட்டம் புறப்படும். கறுப்பு மேலங்கி அணிந்த வழிகாட்டி முன்னே நடப்பார். ஒவ்வொரு மதுக்கூடத்திலும் சற்று நேரம் தங்கல். கையில் ஒரு கோப்பை. காதில் ஒரு கொலைக் கதை. பின்னர் அடுத்த மதுக்கூடம். 'பப்' எனப்படும் இந்த இடங்களை நம்மூர்ச் சாராயக் கடைகளோடு ஒப்பிட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு உணவருந்துவதும், முதியவர்கள் நாளிதழ் படித்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பதும் அங்கே இயல்பு. எனவே குடியைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. கோப்பையோடு சேர்த்துப் பரிமாறப்படும் கதைகளைப் பற்றியே பேசுகிறோம்.

நாமும் அக்கூட்டத்தோடு நடப்போம். மலைமேல் நிற்கும் கோட்டையின் தென்புறச் சரிவில், பள்ளத்தில் அமைந்துள்ளது கிராஸ்மார்க்கெட் என்னும் சதுக்கம். 1477 முதல் சந்தை கூடிய இடம். தூக்குமேடை நின்ற இடமும் இதுவே. 1784 வரை இங்கே மக்கள் முன்னிலையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. 1661க்கும் 1688க்கும் இடையே, தம் சமயக் கொள்கையின் பொருட்டு 'உடன்படிக்கையாளர்' என்னும் பிரெஸ்பிட்டேரியக் கிறிஸ்தவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் எடின்பரோவின் தூக்குமேடைகளில் உயிர்விட்டனர். அவர்களுக்கென 1937இல் எழுப்பப்பெற்ற நினைவிடம் இச்சதுக்கத்தின் கீழ்க்கோடியில் உள்ளது. அதைக் கடந்து சில எட்டுகள் வைத்தால் ஒரு மதுக்கூடம். அதன் பெயர் 'லாஸ்ட் டிராப்'. கோப்பையின் கடைசித் துளி என்றும் பொருள். கயிற்றில் தொங்கும் மனிதனின் கடைசி வீழ்ச்சி என்றும் பொருள். நம் புலவர்கள் சிலேடை என்று மகிழ்ந்திருப்பர். நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. வந்தபின் ஏன் வந்தது என்று ஒரு நெருடல்.

அதே வரிசையில் மற்றொரு மதுக்கூடம் 'மேகி டிக்சன்' என்னும் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மசல்பரோவைச் சேர்ந்த மீன் விற்கும் ஏழைப் பெண் அவர். கணவர் உடன் இல்லாத நிலையில் கருவுற்று, அதை மறைத்தார். குழந்தை இறந்து காணப்பட்டது. 1690ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கர்ப்பத்தை மறைத்து, பேற்றின்போது உதவிக்கு எவரையும் அழைக்காத பெண்ணின் குழந்தை இறந்தோ காணாமலோ போனால், அவளே கொலையாளி எனக் கருதப்படுவாள் என்று விதித்திருந்தது. கொன்றாள் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மறைத்தாள் என்றால் போதும். 1724 செப்டம்பர் 2ஆம் நாள் மேகி தூக்கிலிடப்பட்டார். உடலைச் சவப்பெட்டியில் வைத்து வண்டியில் ஊருக்குக் கொண்டு சென்றோர், வழியில் ஒரு மதுக்கடையில் இளைப்பாற நின்றனராம். பெட்டிக்குள்ளிருந்து ஓசை கேட்டது. மேகி உயிரோடு இருந்தார்! தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டதாகையால் அவரை மீண்டும் தூக்கிலிடவில்லை. 'பாதித் தூக்கு மேகி' என்னும் பட்டப்பெயரோடு அவர் மேலும் பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

இக்கதையைக் கேட்டுக் கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. அச்சிரிப்பை நாம் குறைகூற மாட்டோம். அநீதியான சட்டம் ஒன்று ஒரு மீன்காரியிடம் தோற்றுப்போன கதை அது. அதிகாரத்தைக் கண்டு அஞ்சிய எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாய் அதைச் சொல்லிச் சிரித்திருப்பர். அது அவர்களுடைய உரிமை. மேலும், மதுக்கூடத்துப் பலகையும் வழிகாட்டியின் நாவும் இல்லையெனில் மேகியை இன்று எத்தனை பேர் அறிவர்? மன்னர்க்கும் தளபதிகட்கும் சிலை உண்டு. மீன்காரிக்குச் சிலை வைப்பார் யார்? ஆனால் அந்த 1690ஆம் ஆண்டுச் சட்டம் 1809 வரை நடைமுறையில் இருந்தது. சவப்பெட்டியில் கண்விழிக்காத பெண்களும் இருந்தனர் என்பதையும், பெயரறியாத அக்குழந்தையையும், அடுத்த கோப்பைக்குச் செல்லும் அவசரத்தில் கதை விட்டுவிடுகிறது. சிரிப்பில் பிழையில்லை, எதை விட்டுவிட்டுச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி.

சதுக்கத்தின் மேற்கு முனையை நெருங்கும்போது கதை இருள்கிறது. வெஸ்ட் போர்ட் பகுதியில் 1828ஆம் ஆண்டு, சுமார் பத்து மாத காலத்தில், வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்றனர். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்கள். அக்காலத்தில் எடின்பரோ மருத்துவக் கல்விக்குப் புகழ்பெற்ற நகரம். உடற்கூறு கற்பிக்கப் பிணங்கள் தேவை. சட்டப்படி கிடைப்பவையோ மிகச் சில. ஹேரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் நோயுற்று இறந்தார். வாடகைப் பாக்கிக்கு ஈடாக அவர் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸ் என்பவரின் பயிற்சிக்கூடத்திற்கு விற்றனர். விலை 7 பவுண்டு 10 ஷில்லிங். இறந்தவர் உடலுக்கு விலை உண்டென்று கண்டபின், சாகும்வரை காத்திருப்பானேன் என்று எண்ணினர். ஏழையரை அழைத்து விஸ்கி ஊற்றி, மயங்கியபின் மூச்சடக்கிக் கொன்றனர். அவர்களுடைய கொலைத் தொழிலில் மதுக்கோப்பையும் ஒரு கருவியாய் இருந்தது. அக்கொலைகளின் கதையை நாம் கோப்பையோடு கேட்கிறோம்.

கொல்லப்பட்டோர் யார்? 'பேதை ஜேமி' என்று தெருவெல்லாம் அறிந்த, கால் ஊனமுற்ற இளைஞன் ஜேம்ஸ் வில்சன். மேரி பேட்டர்சன் என்னும் இளம்பெண். இறுதியாகக் கொல்லப்பட்டவர் மார்கரெட் டோகர்ட்டி. தம் மகனைத் தேடி அந்நகருக்கு வந்த அயர்லாந்துப் பெண். கடையொன்றில் பிச்சை கேட்டு நின்ற அவரிடம் பர்க், தன் தாயும் டோகர்ட்டி குடும்பத்தவரே என்று உறவு கொண்டாடி வீட்டுக்கு அழைத்துச் சென்றான். அந்நிய ஊரில் சொந்த மண்ணின் பேச்சைக் கேட்கும் மகிழ்ச்சியை வறியவர் மட்டுமே முழுமையாய் அறிவர். அன்று 1828 அக்டோபர் 31. மறுநாள் அனைத்துப் புனிதர் பெருவிழா; அதற்கு மறுநாள் இறந்தோர் அனைவரின் நினைவு நாள். அந்த நாளில் மார்கரெட்டின் உடல் நாக்ஸின் பயிற்சிக்கூடத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. காவலர் அதை அங்கேதான் கண்டெடுத்தனர்.

இதன்பின் நடந்ததும் நம் ஆய்வுக்கு உரியதே. 1832இல் நாடாளுமன்றம் உடற்கூறுச் சட்டத்தை இயற்றியது. பிணத்திருட்டும் பிணக்கொலையும் ஓய்ந்தன. எவ்வாறு? ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர எவரும் வராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளிக்க அச்சட்டம் வழிசெய்தது. கொலையாளி தேடியதும், சட்டம் தேடியதும் ஒரே வகை மனிதரைத்தான் — கேட்டு வர ஆளில்லாதவரை. மருத்துவம் வளர்ந்தது, அதனால் நாமும் பயன்பெற்றோம் என்பது உண்மை. எனினும் அதன் விலையை யார் செலுத்தினர் என்பது மறைக்கத்தக்கதன்று.

பேய்ச் சுற்றுலாவும் இதைப் போன்றதே என்று சிலர் கூறக்கூடும்: அன்று உடலை விற்றனர், இன்று கதையை விற்கின்றனர் என்று. அது மிகைக் கூற்று. நாம் அதை ஏற்கவில்லை. கதை சொல்லிப் பிழைக்கும் வழிகாட்டி எவர் மூச்சையும் அடக்கவில்லை. இரவுதோறும் மழையிலும் குளிரிலும் நடந்து, அந்நகரத்து வரலாற்றை அயலார்க்குச் சொல்லும் அவர் பல ஆசிரியர்களைவிட நன்றாகவே கற்பிக்கிறார். ஆயினும் இறந்தவரைப் பேயாக்கும்போது நுட்பமான ஓர் அநீதி நிகழ்கிறது. வாழ்நாளெல்லாம் அஞ்சி நடுங்கியவர் இவர்கள். வீட்டுக்காரனுக்கும் பசிக்கும் குளிருக்கும் அஞ்சினர். இறுதியில் தம் முகத்தின்மேல் அழுத்திய கைகளுக்கு அஞ்சினர். அவர்களையே நம்மை அச்சுறுத்தும் பொருளாக மாற்றிவிடுகிறோம். அஞ்சியவர் அச்சமூட்டுபவர் ஆகின்றனர். நாம் பாதிக்கப்பட்டவர் போல் அலறுகிறோம். இவ்வாறு இடம் மாறியபின் இரக்கத்திற்கு இடமேது? பேயைக் கண்டு ஓடலாம். பேய்க்காக அழ இயலாது.

அச்சம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்நகரிலேயே ஆராய்ந்துள்ளனர். 1788இல் திறக்கப்பட்ட சவுத் பிரிட்ஜ் என்னும் பாலத்தின் பத்தொன்பது வளைவுகளுக்கு அடியில் நிலவறைகள் உள்ளன. முதலில் மதுக்கடைகளும் பட்டறைகளுமாய் இருந்து, ஈரம் ஊறிப்போக, வேறு புகலிடமற்ற வறியோரின் இருப்பிடமாயின. உளவியலறிஞர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001இல் அங்கே ஓர் ஆய்வு நடத்தினார். பேயுலவும் அறைகளெனப் பெயர்பெற்றவற்றிலேயே மக்கள் மிகுதியாக விசித்திர உணர்வுகளைத் தெரிவித்தனர்; அவ்வுணர்வுகளோ அறையின் அளவு, வெளிச்சம் போன்ற புறக் காரணிகளோடு தொடர்புற்றிருந்தன. இருட்டும் ஈரமும் பேயின் அடையாளங்களல்ல. அங்கே மனிதர் குடியிருக்க நேர்ந்ததன் அடையாளங்கள். ஒரு மணி நேரம் நம்மை நடுங்க வைக்கும் அவ்விருளில் குழந்தைகள் வளர்ந்தனர்.

நம் திருமறை இதில் என்ன சொல்கிறது? இறந்தோரை எழுப்பிக் குறி கேட்கச் சென்ற சவுல் மன்னரின் முடிவு நாம் அறிந்ததே. உயிர்த்த ஆண்டவரைச் சீடர்கள் ஆவியென்று எண்ணி அஞ்சியபோது, அவர் மீன் உண்டு காட்டி அவ்வச்சத்தைப் போக்கினார். யூதா மக்கபேயோ போரில் மாண்டவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்கக் காணிக்கை திரட்டினார். இறந்தோரிடம் செய்தி கேட்கலாகாது. இறந்தோர்க்காக மன்றாட வேண்டும். 'நினைப்பார் எவருமில்லாத ஆன்மாக்களுக்காக' என்று நம் பாட்டிமார் செபமாலையின் முடிவில் ஒரு பரலோக மந்திரம் சேர்ப்பார்களே, அது கேட்பாரற்றவர்மேல் நாம் கோரும் உரிமையன்றி வேறென்ன?

கிராஸ்மார்க்கெட்டிலிருந்து கவ்கேட் தெருவில் சற்றே நடந்தால் மதலேன் சிற்றாலயம் உள்ளது. மைக்கேல் மக்குவீன் என்பவரும் அவர் மனைவி ஜேனட் ரிண்டும் விட்டுச்சென்ற பொருளால் 1541 அளவில் எழுந்தது. ஏழு ஏழை மனிதர் அங்கே தங்கி, உணவும் உறைவிடமும் பெற்று, இறைவேண்டல் செய்ய ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. 1560இல் ஸ்காட்லாந்தில் சீர்திருத்த இயக்கம் வென்றபின், இறந்தோர்க்கான செபம் அந்நாட்டின் பொது வழிபாட்டிலிருந்து நீங்கிற்று. பின்னர் அதே சிற்றாலயத்தில்தான், தூக்கிலிடப்பட்ட உடன்படிக்கையாளரின் உடல்களை அடக்கத்திற்கு ஆயத்தம் செய்தனர். இறந்தோர்க்காகச் செபிப்பதைத் தவறென்று கருதியவர்களே, தம் இறந்தோரின் உடலைக் கழுவித் துணி சுற்றினார்கள். கொள்கை வேறுபடினும் கைகள் அறிந்திருந்தன. பேய்ச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இவ்வாசலில் நிற்பதில்லை; இங்கே அலறுவதற்கு ஒன்றுமில்லை.

இன்னும் ஒருவர் எஞ்சியிருக்கிறார். பர்க். ஹேர் அரசுத் தரப்பில் சாட்சி சொல்லித் தப்பினான். பர்க் மட்டும் 1829 ஜனவரி 28ஆம் நாள் லான்மார்க்கெட்டில் தூக்கிலிடப்பட்டான். சுற்றிலுமுள்ள வீட்டுச் சன்னல்களை 5 முதல் 20 ஷில்லிங் வரை வாடகைக்கு விட்டனர். கட்டணம் செலுத்திச் சாவைக் காணும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று. கத்தோலிக்கனாய்ப் பிறந்த பர்க்குடன் குருக்கள் உடனிருந்தனர்; மேடையில் முழந்தாளிட்டு அவன் செபித்தபோது கூட்டம் வசைமொழிகளைக் கூவியது. தீர்ப்பின்படி அவன் உடல் அறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அதைக் கண்டனர். அவன் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்து உடற்கூறு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. இன்றும் அங்கேயே உள்ளது. அவன் தோலால் செய்ததெனப்படும் சிறு கைப்புத்தகம் ஒன்று அறுவை மருத்துவர் மன்றத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மார்கரெட் டோகர்ட்டிக்காகச் செபிப்பது நமக்கு எளிது. நவம்பர் 2ஆம் நாள் நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரி ஏற்றும்போது, மகனைத் தேடி வந்த அத்தாயின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மண்ணுக்குத் திரும்பாமல் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் அந்த எலும்புகளுக்கு உரியவனுக்காகவும் ஒரு திரி ஏற்ற நம் கை நீளுமா? அவனுக்காக அன்று மேடையில் மண்டியிட்ட குருவின் கை நீண்டது. கூட்டத்தின் கை நீளவில்லை.