தகப்பன் பெயர்

ஐதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் சிங்கத்தின் முன் நிற்பவர்கள் அதன் பெயரைக் கேட்கிறார்கள், வயதைக் கேட்கிறார்கள். தகப்பன் யார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாரெட்பள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்விதான் என்னோடு வருகிறது.

*

அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் ஆசியச் சிங்கம் என்று நம்பிப் பெருக்கிய கூட்டத்துக்கு மூதாதைகள் ஐந்து. அவற்றில் இரண்டுக்கு ஆப்பிரிக்கப் பூர்வீகம் என்று 1987-இல் தெரிந்தது. அவற்றின் வழிவந்த பிள்ளை, பேரன் எல்லாமே இனப்பெருக்கப் பட்டியலிலிருந்து விழுந்தன.

சண்டிகர் அருகே சத்பீரில் நடந்தது இன்னும் வலிக்கிறது. சர்க்கஸ் வழி வந்த ஆப்பிரிக்க ரத்தம் அங்கே ஆசியச் சிங்கங்களோடு கலந்து பெருகியது. பிறகு ஆண்களுக்குக் கருத்தடை செய்து நிறுத்தினார்கள். நோய்க்கு எளிதில் ஆளான அந்தச் சிங்கங்கள் வாரிசில்லாமல் கூண்டிலேயே முதுமையடைந்து இறந்தன. அவை செய்த பிழை என்ன? ஜோடி சேர்க்கும் முன் இரண்டின் பூர்வீகத்தையும் மதித்திருந்தால் போதும்.

*

எங்கள் வீட்டிலிருந்து தார்நாகா தாண்டினால் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையம். 1990-களில் லால்ஜி சிங்கும் சகாக்களும் சிங்கங்களின் டிஎன்ஏவை அங்கே ஆராய்ந்தார்கள். கிர் காட்டுச் சிங்கங்கள் மிகச் சில உயிர்களாகச் சுருங்கி மீண்டவை. ஒன்றுக்கொன்று மரபில் அவ்வளவு நெருக்கம். எல்லாரும் ஒரே சாயலாக இருக்கிற கூட்டத்தில் ரத்தத்தை மட்டும் வைத்துத் தகப்பனைச் சுட்டுவது கடினம். பராமரிப்பாளர் அன்றன்று பேனாவால் எழுதிய குறிப்புக்கு இங்கேதான் மதிப்பு.

*

அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறை பெயர் சொல்கிறோம். நான்காவதைக் கேட்டால் திகைத்துப்போவோம். பூங்கா விலங்குகளின் வம்சாவளிப் பதிவேடோ காட்டிலிருந்து வந்த முதல் விலங்குவரை போக வேண்டும். வழியில் ஒரு கண்ணி பொய்யானால் அதற்குக் கீழே போடும் உறவுக் கணக்கெல்லாம் பொய்.

*

எழுதினால் மட்டும் போதாது. ரீவாவில் 1951-இல் பிடிபட்ட வெள்ளைப்புலி மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள். யார் மகள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தது யார் கையையும் தடுக்கவில்லை.

*

புள்ளிமான் கூட்டத்தில் தாயைக் கண்ணால் பார்க்கலாம், பாலூட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும். தகப்பன் அப்படியல்ல. பெரிய கொம்புள்ள ஆணின் எண்ணை எழுதிவிட்டுப் போக யாருக்கும் ஆசை வரும். இந்த மூன்றில் ஒன்று என்றோ, தெரியாது என்றோ எழுதுகிற பராமரிப்பாளரை நான் பெரிதாக மதிக்கிறேன். தெரியாது என்றிருந்தால் பின்னால் வருபவர் ரத்தம் எடுத்துத் தேடுவார். பொய்ப் பெயர் இருந்தால் தேடவே மாட்டார்.

*

2010-இலிருந்து நேரு பூங்காவும் சிசிஎம்பியும் சேர்ந்து சருகுமானைப் பெருக்கின; பிறந்தவற்றில் பல அம்ராபாத் காட்டுக்குப் போயின. முயலளவே இருக்கும் கூச்சப் பிராணி. பெட்டை ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேரும். அடுத்த குட்டி ஏறக்குறைய ஐந்து மாதத்தில். அதனால் ஈன்ற அன்று அந்த அடைப்பில் எந்த ஆண் இருந்தது என்பதை அன்றே எழுத வேண்டும். மறுநாள் ஆணை மாற்றிவிட்டு, வார இறுதியில் ஞாபகத்திலிருந்து எழுதினால், இன்னும் பிறக்காத குட்டிக்கு வேறொரு தகப்பன் பெயர் விழுந்துவிடும்.