கஞ்சா மயக்கும் சிவானந்தமும்

கஞ்சா சிவபிரானுக்கு உவந்ததென்றும், மூலிகையாதலின் தீதிலதென்றும், யோகத்துக்குத் துணையென்றும் கூறுவாருளர். மூன்றும் பொருந்தா.

இறைவன் நஞ்சுண்டது தேவரைக் காத்தற்பொருட்டு. நாம் மயக்கமுண்பது யாரைக் காத்தற்கு? எட்டியும் மருந்தே, அதனைக் கண்டவாறு உண்பாருளரோ? கஞ்சாப் பழக்கம் நினைவாற்றலைக் குறைத்துச் சிலர்க்குச் சித்தப்பிரமையும் விளைக்குமென்பர் மருத்துவர். கருவிகள் மயங்கி ஒடுங்குதல் கேவலநிலையின் இருளேயன்றி, அருளொளி விளங்கும் சுத்தநிலையன்று. ஆணவமலம் அதனாற் சிறிதும் தேயாது. திருமந்திரம் முதற்றந்திரத்துக் 'கள்ளுண்ணாமை'ப் பகுதி, கள்மயக்கை விலக்கிச் சிவானந்தத்தையே நாடச் சொல்லிற்று.

பராந்தக சோழன் காலத்து (கி.பி. 921) உத்தரமேரூர்க் கல்வெட்டு, மாபாதகஞ் செய்தாரை ஊர்வாரியத்தினின்றும் விலக்கிற்று, கள்ளுண்டலும் மாபாதகங்களுள் ஒன்று. ஊராளுதற்கே தெளிவு வேண்டுமாயின், வீடுபேறு விழைவார்க்கு வேண்டாவோ?

இம்மயக்கிற்பட்ட இளைஞரை மடத்தார் இகழ்ந்தொதுக்காது, தாயன்போடு அணைத்துத் தெளிவிப்பாராக. அதுவே சிவத்தொண்டென்பது நம் துணிபு.