உடலும் உடைமையும்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் அமைந்த ஓர்ஸ் ஹில்லிலிருந்து நோக்குவோர்க்கு, துறையிற் கிடக்கும் கலங்களும் தோணிகளும் ஒரு பழைய வினாவை நினைவூட்டக்கூடும். பழுதுற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின் எஞ்சுவது அதே கப்பல்தானா? ஏதென்சு மக்கள் பேணிய தீசியசின் கப்பலைக் குறித்துப் புளூட்டாக் பதிவுசெய்த ஐயம் இது. இன்று அவ்வையம் மரத்தை விட்டு மனித இதயத்தினுட் புகுந்துள்ளது.

மாரடைப்பினால் இறந்த இதயத்தசைக் கலங்கள் பெரும்பாலும் மீள உருவாவதில்லை. அவ்விடத்தில் தோன்றும் தழும்பு சுருங்கி விரியாது. துடிப்பை நடத்தும் மின்கணத்தாக்கத்தையும் செவ்வனே கடத்தாது. பல்பகுதியங்கள் மின்னைக் கடத்தா என்னும் பொதுக் கருத்தை, அயடீன் ஊட்டிய பொலிஅசற்றலீனைக் கொண்டு 1977 இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் தகர்த்தனர். 2000 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசும் பெற்றனர். பொலிபிரோல், பொலியனிலீன் போன்ற கடத்திகள் தனியே விறைப்பானவை, எளிதில் நொறுங்குபவை. ஆதலின், மீள்தன்மையுள்ள பொலியூரேதேன் போன்றவற்றோடு அவற்றைக் கலந்து, இதயத்தோடு இசைந்து விரியும் ஒட்டுகளை ஆய்வாளர் ஆக்கி, கலவளர்ப்புகளிலும் விலங்குகளிலும் சோதித்து வருகின்றனர்.

இத்தகைய ஒட்டு மனிதனின் உறுப்பா, அன்றி அவனிடமுள்ள பொருளா? உடன்பிறந்ததே உறுப்பு எனின், பிறர் ஈந்த குருதியும் என்றும் அந்நியமாகவே இருத்தல் வேண்டும். உடலினுள் இருப்பதெல்லாம் உறுப்பு எனின், தசையிற் பாய்ந்து தங்கிய இரும்புச் சிதறலும் உறுப்பாகிவிடும். எனவே பிறப்பும் இடமும் இலக்கணமாகா; தொழிலே இலக்கணம். ஒரு கலத்தின் அழைப்பை ஏற்று மறுகலத்துக்கு அளிப்பதும், இதயம் விரியுங்கால் உடன் விரிவதும், நீக்கினால் மனிதனையே புண்படுத்துவதும் எதுவோ, அது உறுப்பு. மூக்குக்கண்ணாடியும் தொழில் புரிகிறதே எனலாம். ஆயின் அதனைக் கழற்றினால் உடல் புண்படுவதில்லை.

இம்முடிவு வெறும் சொல்லாராய்ச்சியன்று. விலைப்பொருளாக வந்த ஒட்டு, துடிப்பிற் பங்குகொண்ட கணமே விற்றவனின் உரிமையிலிருந்து நீங்குகிறது. தவணை தவறியவனின் வண்டியை மீட்கலாம். அவன் இதயத்தில் ஒருபகுதியை மீட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், உரிமை முடியுமிடத்தில் பொறுப்பு முடிவதில்லை. பொலிபிரோல் உடலினுள் எளிதிற் சிதைவதன்று. உடன்கலந்த பொருள் கரைந்த பின்னும் அது எஞ்சக்கூடும். ஆண்டுகள் பல கழிந்து அதனால் தீங்கு நேரின், ‘அது இப்பொழுது உன் உடல்’ எனக் கூறி ஆக்கியோன் கைகழுவுதல் அறமன்று. கப்பல் செலுத்துவோனுடையது, பலகை தந்த தச்சனோ அதன் பழுதுக்குப் பதில்கூறக் கடமைப்பட்டவன்.