ஓடும்போதே சமநிலை



பினாங்கில் இலையுதிர் காலம் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் வந்தால் மழை கொட்டும், அவ்வளவுதான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே 40 நிமிட வித்தியாசம்கூட இல்லை. அப்புறம் ஏன் சரத் காலத்தின் பெயரால் சாரதா நவராத்திரி எடுக்கிறோம்?

செப்டம்பர் 22 அல்லது 23இல் சூரியன் பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. வடமொழியில் இதுதான் விஷுவம். ஐப்பசி முதல் நாளை ‘ஐப்பசி விஷு’ என்று நம் முன்னோர் போற்றினார்கள். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், அந்த நாள் இப்போது அக்டோபர் நடுவுக்குத் தள்ளிப் போய்விட்டது. ஐப்பசிக்குரிய ராசி துலாம், அதாவது தராசு.

சமநிலைன்னு சொன்னதும் நமக்கு என்ன தோணுது? ஆடாமல் அசையாமல் இருப்பது. “பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், அப்புறம் நிம்மதியா சாமி கும்பிடலாம்” என்கிறோம். ஆனால் வானம் வேறு பாடம் சொல்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும், பகலிரவு வித்தியாசம் உச்சத்தில் இருக்கும்போது, சூரியனின் வடக்கு தெற்கு நகர்வு நின்றுவிட்டது போலிருக்கும். சம நாளிலோ அது நாளொன்றுக்குச் சுமார் 0.4 பாகை நகர்கிறது. ஆண்டிலேயே வேகமான நகர்வு அப்போதுதான்! அதாவது, சமம் வாய்ப்பது ஓட்டம் நின்ற நாளில் அல்ல. ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நாளில்.

கண்ணன் சமத்துவமே யோகம் என்று அர்ச்சுனனுக்குச் சொன்ன இடம் ஆசிரமமா? போர்க்களம். வில்லை வைத்துவிட்டு அமைதியாகு என்றா சொன்னான்? எடுத்துப் போர் செய் என்றான். வெற்றி தோல்வியில் மட்டும் மனம் சாயாதே என்றான்.

மகிஷாசுரமர்த்தினியைப் பாருங்கள். கை நிறைய ஆயுதம், காலடியில் அசுரன். முகத்தில் மட்டும் சாந்தம். ஆயுத பூஜையன்று புத்தகத்தை அவள் முன் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமியில் திரும்ப எடுத்துப் படிக்கிறோம். வைத்தது வைத்தபடி விடுவதில்லையே! 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலும், விஜயதசமியன்று அம்மன் கருவறையோடு நிற்பதில்லை. தேரேறி லிட்டல் இந்தியா வீதிகளுக்கு வருகிறாள்.

ஆகவே, நிம்மதிக்கு நாள் குறிக்காதீர்கள். இந்த ஒன்பது இரவும், அசைன்மென்ட் குவிந்து கிடந்தாலும், பத்து நிமிடம் விளக்கின் முன் உட்காருங்கள். பிறகு எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். மார்க் கூடினாலும் குறைந்தாலும் மறுநாளும் அதே இடத்தில் உட்காருங்கள். தராசு முள் நடுவில் நிற்கப் பழகுவது அப்படித்தான்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிட்டட்டும்.