வான்வீரமும் அறமும்

வீரம் தன்னளவிலேயே அறமாகுமா? அன்றி, அது எதன்பொருட்டு, எவர்மீது செலுத்தப்படுகின்றது என்பதைக் கொண்டே அறமெனத் துணியப்படுமா? இது பழைய வினா. பிளேட்டோவின் 'லாக்கிஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரதீஸ் தளபதிகள் இருவரோடு வீரத்தின் இலக்கணத்தை ஆராய்கின்றார். எனினும், முடிந்த முடிபு எட்டப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டிலே தோன்றிய வான்போர் அவ்வினாவுக்குப் புதிய கூர்மையை அளித்தது.

இந்திரலால் றோயின் வாழ்க்கை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். 1898 டிசெம்பர் 2இல் கல்கத்தாவிற் பிறந்து இலண்டனிற் கல்வி பயின்ற அவர், 1917இல் பிரித்தானிய வான்படையான றோயல் பிளையிங் கோர்ப்ஸிற் சேர்ந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவரது விமானம் விபத்துக்குள்ளாயிற்று. பறக்கத் தகுதியற்றவரென மருத்துவர் ஒதுக்கிய பின்னரும், விடாது வற்புறுத்தி மீண்டும் விமானமேறினார். 1918 யூலையில், இரண்டு வாரங்களுக்குள், பத்து வெற்றிகள் அவர் பெயரிற் பதிவாயின. அம்மாதம் 22இல், பிரான்சிலே கார்வின் நகருக்கு மேலே நிகழ்ந்த சண்டையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. டிஸ்ரிங்குவிஷ்ட் பிளையிங் குறொஸ் என்னும் விருது இறந்தபின்னரே அவருக்கு வழங்கப்பட்டது. இந்திய விமானிகளின் முன்னோடியாக அவர் இன்றும் போற்றப்படுகின்றார்.

இவரது வீரம் ஐயத்திற்கு இடமற்றது. எதிரே வந்தவனும் ஆயுதம் தாங்கியவன், பயிற்சி பெற்றவன், திருப்பிச் சுடவல்லவன். ஆயின், அவ்வீரம் பயன்பட்டது எதற்கு? தம் தாய்நாட்டை அடிமைப்படுத்திய பேரரசுக்காக அவர் போரிட்டார். போர் ஓய்ந்து ஆறு மாதம் நிறையுமுன்னரே, 1919 ஏப்ரல் 13இல், அப்பேரரசின் படை ஜாலியன்வாலா பாக்கிலே நிராயுதபாணிகளைச் சுட்டு வீழ்த்தியது. ஒருவரது துணிவின் தூய்மை, அவர் சார்ந்த தரப்பின் நேர்மைக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும். விருது துணிவை மாத்திரமே அளக்கின்றது.

இவ்வினா தீவுப்பகுதி மக்களுக்கு ஏட்டளவில் நிற்கும் ஒன்றன்று. ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவு ஆகிய இடங்களிலிருந்து 1990இல் பெருந்தொகையானோர் போரினால் இடம்பெயர்ந்தனர். 1995 யூலை 9இல் நவாலி சென். பீற்றேர்ஸ் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டுகள் வீசப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுங்குகுழியினுள் இருந்து விமானத்தின் இரைச்சலைக் கேட்டவருக்கு, அதனைச் செலுத்துபவரின் திறமை வியப்பிற்குரியதாகத் தோன்றுமா? றோயிடம் இருந்த அதே திறமை அவ்விமானியிடமும் இருந்திருக்கலாம். கீழே இருந்தவரிடமோ எதிர்க்க யாதுமில்லை.

குண்டுவீசும் விமானியும் தன் உயிரைப் பணயம் வைக்கின்றானல்லவா என ஒருவர் வினவலாம். உண்மையே. ஆயினும், இடர் ஏற்றல் மாத்திரம் வீரமாயின், நள்ளிரவிற் சுவரேறும் கள்வனும் வீரனாவான். தமிழ் மரபு இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று ஒன்பதாம் பாடல், போர் தொடங்குமுன் பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடத்தை நாடுமாறு அறிவிக்கும் வழக்கத்தை அறநெறியென உரைக்கின்றது. அந்நெறி எக்காலும் பேணப்பட்டதெனக் கொள்ள வேண்டியதில்லை. அது வேண்டுமென உணரப்பட்டமையே குறிப்பிடத்தக்கது. திருக்குறளும் படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவனுக்கு இடுக்கண் உற்றவிடத்து உதவுதலையே ஆண்மையின் கூர்மையாகக் கொள்கின்றது.

சோளகக் காற்றிலே நெடுந்தீவிலிருந்து நோயாளரை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் படகோட்டிக்குப் பதக்கம் இல்லை. அவரும் உயிரைப் பணயம் வைக்கின்றார். ஆனால், அது பிறிதோர் உயிரைக் காப்பதன்பொருட்டே. இவ்விரு துணிவுகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, வீரம் என்பது ஓர் ஆற்றல் மாத்திரமே என்பதும், அதனை அறமாக்குவது அது காக்கும் உயிரே என்பதும் தெளிவாகும். பத்தொன்பது வயதில் மாண்ட இளைஞனின் துணிவை மதித்தல் தகும். ஆயினும், வானத்து வீரத்துக்குப் புகழ் சூட்டும் சமுதாயம், நிலத்தில் நின்றோரின் சாட்சியத்தையும் கேட்ட பின்னரே தன் தீர்ப்பை எழுதுதல் வேண்டும்.