சான்றுரைப்போன் கடன்

அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர் சைவசித்தாந்திகள். இவற்றுள் உரையே பெரிதும் ஐயத்துக்கு இடமானது. தான் காணாத ஒன்றைப் பிறன் சொல்லக் கேட்டு நம்புதல் எப்போது தகும்? சொல்பவன் ஆப்தனாயின் தகும் என்பது பழைய விடை. அவன் ஆப்தன் என்பதை அறிவது எங்ஙனம் என்ற அடுத்த வினா, இன்று இணையத்தளத்திலே தமது கடனட்டை இலக்கத்தைப் பதியும் ஒவ்வொருவர் முன்னும், அவர் அறியாமலே நிற்கின்றது.

மறைகுறியாக்கம் செய்தியைப் பிறர் படியாது காக்கும். ஆயின், கள்வனோடே இரகசியம் பேசுபவனுக்கு அவ்விரகசியத்தால் வரும் பயன் யாது? மறுமுனையில் இருப்பது வங்கிதான் என மூன்றாம் ஆள் ஒருவர் சான்று கூறல் வேண்டும். இதற்கான சான்றிதழ் என்னும் கருத்தை 1978 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் லோரன் கோன்பெல்டர் முன்வைத்தார். (அஃது ஓர் இளமாணிப் பட்டத்துக்கான ஆய்வேடு என்பது மாணவர் மனங்கொளத்தக்கது.) சான்றளிக்கும் நிறுவனம் கையொப்பமிடும், உலாவி அதனைச் சரிபார்க்கும். எந்நிறுவனங்களை நம்புவது என்னும் பட்டியலும் உலாவியுடனேயே வந்துவிடுகின்றது. அச்சான்றிதழ் பெயரை உறுதிசெய்யுமேயன்றி ஒழுக்கத்தை உறுதிசெய்யாது. பூட்டுச் சின்னத்தை மக்கள் நேர்மையின் அடையாளமாகப் பிழைபட உணர்ந்தமையாலேயே 2023 இல் குரோம் உலாவி அதனை நீக்கியது.

நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் நிறுவனம் இத்தகைய சான்றுரைப்போருள் ஒன்று. 2011 யூலையில் அதன் கணினிகளுட் புகுந்தோர் கூகுள் முதலிய பெயர்களில் 500 க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கிக்கொண்டனர். அம்மாதம் 19 ஆம் திகதி நிறுவனம் ஊடுருவலைக் கண்டது, தான் அறிந்த பொய்ச் சான்றிதழ்களை இரத்துச் செய்தது, வாய் திறக்கவில்லை. கூகுளின் பெயரிலான சான்றிதழ் அதன் கண்ணிற் படாமலே தப்பியது. ஓகஸ்ட் இறுதியில், தமது உலாவி காட்டிய எச்சரிக்கையை ஈரானியர் ஒருவர் பகிரங்கப்படுத்திய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்கிடையில் ஏறத்தாழ 300,000 இணைய முகவரிகள், பெரும்பாலும் ஈரானிலுள்ளவை, அப்பொய்ச் சான்றிதழை எதிர்கொண்டிருந்தன. செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது.

புகுந்தவன் குற்றம் வேறு. காவலின்மைக் குற்றம் வேறு. ஆராயப்பட்ட கணினிகளில் நச்சுநிரல் தடுப்புக்கூட இருக்கவில்லை. எனினும் அறவியல் நோக்கிற் கனமானது அம்மௌனமே. வெளியிட்டிருந்தால் நிறுவனம் அழிந்திருக்கும், ஊழியர் பிழைப்பிழந்திருப்பர் என வாதிடலாம். அவ்வாதத்தை இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. ஆயின் வணிகன் தன் நட்டத்தை மறைப்பதும் சாட்சி தன் முத்திரை களவுபோனதை மறைப்பதும் ஒன்றல்ல. முத்திரை செல்லுபடியாகும் ஒவ்வொரு நாளும் "என்னை நம்புக" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. எனவே சாட்சியின் மௌனம் மௌனமன்று, புதிய பொய்ச்சாட்சியாகும்.

பாதிக்கப்பட்டோர் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளரல்லர். அவர்கள் அதற்குப் பணம் கொடுத்ததில்லை. அதன் பெயரைக் கேட்டிருந்தோரும் மிகச் சிலரே. ஆகவே அதன் கடப்பாடு ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததெனல் இயலாது. பிறர் தன் சொல்லை நம்புமாறு ஒருவன் தன்னை முன்னிறுத்தியபோதே அக்கடன் பிறந்துவிடுகின்றது.

வழங்கப்படும் சான்றிதழ்களைப் பகிரங்கப் பேரேடுகளிற் பதியும் முறை 2013 இல் வகுக்கப்பட்டது. 2018 முதல் குரோம் அதனைக் கட்டாயமாக்கியது. இது நம்பிக்கையின் வீழ்ச்சி என்பாருமுளர். அக்கருத்து ஏற்புடைத்தன்று, சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்வது அவனை அவமதிப்பதாகாது. ஆயினும் பேரேடு தானாகக் கூவாது. கூகுள் தன் பெயரைத் தேடிப் பார்க்க ஆட்களை வைத்துள்ளது. சிறிய கடையொன்றின் பெயரில் எழுதப்படும் பொய்யை அப்பேரேட்டிலே தேடப்போகின்றவர் யார்?